இடப்பக்கத்துக் குப்பி

எங்கள் லேப்பில் ஒரு மிஸ் இருந்தார். அவரிடம் போய் "எல்லாம் சரியா இருக்கு மிஸ்" என்று சொன்னால் பிடிக்காது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "சரியா இருக்குன்னு நெனக்கிறீங்களா, இல்ல பாத்தீங்களா அண்ணே?" என்று கேட்பார். பார்த்தேன் என்றால், "எத்தன மணிக்கு?" என்பார். மணியைச் சொன்னால் எழுதிக்கொள்வார். சொல்லத் தெரியாமல் விழித்தால் சிரித்துக்கொண்டே, "அப்ப வாங்க, ரெண்டு பேரும் போய் பாப்போம்" என்று எழுந்து வந்துவிடுவார். ஏச மாட்டார். ஆனால் பார்க்காமல் விட மாட்டார்.

அவர் பெயரை இதில் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை நான் கெடுத்தது போதும்.

பிள்ளைகளே, இது உங்கள் இரண்டு பேருக்கும். பெரியவளுக்குப் பாதி தெரியும். சின்னவனுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகத்தில் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு யார் யாரோ என்னென்னவோ சொல்வார்கள். அதற்கு முன்னால் அந்த மிஸ் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் தப்பு இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

அந்தப் பல்கலைக்கழக லேப்பில் என் வேலை கண்ணாடிப் பாத்திரம் கழுவுவது, குப்பையை ஆவியில் வேகவைத்துக் கிருமியைக் கொல்வது, தரை துடைப்பது. மிஸ் செய்தது பெரிய வேலை. மனித உடம்பு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன செல்களால் ஆனது என்று பெரியவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள். அந்த செல்லைக் கொஞ்சம் எடுத்து, தட்டையான பிளாஸ்டிக் குப்பியில் சிவப்புத் தண்ணீர் ஊற்றி, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் ஒரு பெட்டிக்குள் வைத்தால் அது வெளியிலும் உயிரோடு இருக்கும். இரண்டாகும், நான்காகும். இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி எதுவும் அதற்குக் கிடையாது. மிஸ் அதைப் "பிள்ளைங்க" என்பார். "இருங்கண்ணே, பிள்ளைங்களுக்குச் சாப்பாடு குடுத்துட்டு வாரேன்." புதிதாக வந்தவர்கள் அவருக்குக் கல்யாணமாகி நான்கைந்து பிள்ளைகள் இருப்பதாகவே நினைத்துக்கொள்வார்கள்.

அவர் பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. அம்மா பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டியவர். வாய் நிறைய வெற்றிலை போடுவாராம். வாயில்தான் புற்று வந்தது. மிஸ் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சியே அதுதான், வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்று. அதற்கான செல் வெளிநாட்டிலிருந்து வாங்கலாம். அவர் வாங்கவில்லை. "நம்ம ஆளுங்க வெத்தலைய நம்ம ஆளுங்க வாயிலதான் பாக்கணும்" என்று ஆஸ்பத்திரியில் ஒரு பெரியம்மாவிடம் போய்க் கேட்டார். கூட ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்.

அந்தப் பெரியம்மா தாடை வீங்கிப் படுத்திருந்தார். ஆபரேஷனில் எடுக்கும் சதையில் துளி கொடுக்க முடியுமா என்று மிஸ் கையெழுத்துத் தாளை நீட்டினார்.

"எஞ் சதைய வச்சு என்னா பண்ணுவ?"

"வளப்பேன் பெரியம்மா."

"சீக்கையா? என்னத்துக்குடி சீக்கப் போயி வளக்குற?"

"அது எப்படி வளருதுன்னு தெரிஞ்சாத்தானே எப்படிச் சாகும்னு தெரியும்."

பெரியம்மா வலியோடு சிரித்தார். "சரி எடுத்துக்க. ஆனா அது எஞ் சதை, காலைல எந்திரிச்சதும் வெத்தல கேக்கும். பாத்துக்க."

பெரியம்மா அந்த வருடமே இறந்துபோனார். அவருடைய செல் எங்கள் பெட்டிக்குள் உயிரோடு இருந்தது. வளராமல் முரண்டு பிடிக்கும், சாகிற மாதிரி போய்த் திரும்பும். ஒன்றரை வருடம் மிஸ் அதைக் கண்ணில் வைத்துக் காப்பாற்றினார். தொடக்கத்திலேயே ஒரு துளியை வெளியூருக்கு அனுப்பி, இது அந்தப் பெரியம்மாவுடையதுதான் என்று பரிசோதித்துச் சான்றிதழும் வாங்கி வைத்தார்.

மிஸ்ஸின் குணத்தை லேப்புக்கு வெளியேயும் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் மத்தியானம் ஈப்போவில் ஒரு முஸ்லிம் கடையில் எல்லோரும் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். ஒரு கிளாஸ் விழுந்து உடைந்தது. முதலாளி கல்லாவிலிருந்தே டீ, காப்பி என்று தண்ணி கலக்குகிறவரைப் பிடித்து ஏசினார். நாங்கள் காரில் கிளம்பிப் பாதி வழி வந்துவிட்டோம். திடீரென்று மிஸ், "காடியத் திருப்புங்க" என்றார். திரும்பிப் போய் நேராகக் கல்லாவுக்கு முன் நின்றார்.

"பாஸ், அந்தக் கிளாஸத் தட்டுனது என் முழங்கை. இப்பதான் யோசிச்சுப் பாத்தேன்."

"அட, ஒரு கிளாஸ்தானேலா மிஸ். விடுங்க."

"கிளாஸ் இல்ல பாஸ். அவர நீங்க ஏசுனீங்க."

"சரி மிஸ், அப்பறமா மாஃப் கேட்டுக்கிறேன்."

"இப்ப கேளுங்க. நான் நிக்கிறேன்."

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு, "யா அல்லா, இந்த மிஸ்ஸக் கட்டிக்கப்போற ஆளு பாவம்" என்று எழுந்து போய், தண்ணி கலக்குகிறவரின் தோளைத் தட்டிவிட்டு வந்தார். கடையே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. வேலை முடிந்த மாதிரி காடியில் வந்து ஏறிக்கொண்டார்.

இன்னொரு முறை அவர்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. வாசலில் பெரிய பேனர். மிஸ்ஸின் படம், மேலே "எங்கள் தோட்டத்து டாக்டர்" என்று எழுதியிருந்தது. மிஸ் அப்போது டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டுதான் இருந்தார். நாற்காலி கேட்டு வாங்கினார், ஏறினார், கைப்பையிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டரை எடுத்து "டாக்டர்" என்ற அந்த ஒரு சொல்லை மூடி ஒட்டினார். கோயில் தலைவர் ஓடிவந்தார்.

"என்னா தங்கச்சி இது! இன்னும் கொஞ்ச மாசத்துல ஆயிருவீங்க. அதுக்குள்ள மழையில பேனரே போயிரும்லா."

"ஆனதுக்கப்பறம் புதுசு போடுங்க தலைவரே. நானே காசு குடுக்குறேன்."

கூட்டத்தில் ஒருவர் கத்தினார்: "ஐயோ மிஸ், பிளாஸ்டர் போட்டுட்டீங்க, இப்பதான் எல்லாரும் டாக்டர்னு நம்பப்போறாங்க!"

அன்று மட்டும் மிஸ்ஸும் விழுந்து விழுந்து சிரித்தார். நாற்காலியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பேராசிரியரும் தமிழர்தான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவசரக்காரர். ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டிய படத்தில் ஓரமாக ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

"அத எடுத்துரும்மா. பாக்க அசிங்கமா இருக்கு."

"அது தூசி சார். அன்னிக்கு இருந்துச்சு."

"தூசின்னு நமக்குத் தெரியும்ல? எடுத்தா யாருக்கு நட்டம்?"

"இன்னிக்கு தூசிய எடுப்பேன் சார். நாளைக்குப் பிடிக்காதது எதுவா இருந்தாலும் கை அங்க போகும்."

கடைசியில் படம் அப்படியே போனது. புள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, கீழே "இது தூசி" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். உலகத்தில் இருக்கிற பெரிய பெரிய படிப்பாளிகள் படிக்கிற இதழில் எங்கள் லேப் தூசியும் வந்தது.

இனி நான் செய்தது.

என் அப்பா தோட்டத்தில் லாரி ஓட்டியவர். ஆயுத பூஜைக்கு முதல் நாள் லாரியை மூலைமுடுக்கு விடாமல் கழுவி, மறுநாள் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குவார். மரம் வெட்டும் கத்திகளுக்கும் பொட்டு வைப்பார்கள். சோறு போடுகிற பொருளுக்கு வருடத்தில் ஒரு நாள் மரியாதை செய்ய வேண்டும் என்பது எங்களுக்கு ஊறிப்போனது. நான் அதை லேப்பிலும் செய்து வந்தேன். மைக்ரோஸ்கோப்புக்குச் சின்னதாக ஒரு பொட்டு, பெட்டிக் கதவுக்கு ஒரு பொட்டு. மிஸ் விட்டுக்கொடுத்தார். "வெளிய வைங்கண்ணே. உள்ள மட்டும் வேணாம், அதுங்களுக்குக் குங்குமம் ஒத்துக்காது."

அந்த வருடம் பூஜைக்கு முதல் நாள் சனிக்கிழமை. யாரும் இல்லை. மிஸ் திங்கட்கிழமை வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே பளபளவென்று இருக்கட்டும், சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். குப்பிகளைத் தட்டில் எடுத்து வெளியே வைத்தேன். பெட்டியின் உள்சுவரை ஸ்பிரிட் துணியால் துடைத்தேன். அதே துணியால் குப்பிகளின் மேலேயும் ஒரு துடை துடைத்தேன். துணி நீலமாக மாறியதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு குப்பிகளில் மிஸ் மார்க்கரால் எழுதியிருந்த பெயர் போய்விட்டது.

ஒன்று பெரியம்மாவுடையது. இன்னொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வாங்கி வைத்திருந்த செல், உலகம் முழுக்க லேப்புகளில் இருக்கிற ஒன்று, காட்டுச் செடி மாதிரி வேகமாக வளரும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சிவப்புத் தண்ணீர்.

இடப்பக்கம் இருந்தது பெரியம்மாவுடையது என்று எனக்கு ஞாபகம் இருந்தது. மார்க்கரை எடுத்து எழுதினேன். மிஸ்ஸின் கையெழுத்து மாதிரியே எழுதினேன், அந்த எழுத்தின் வால் சுழிப்பது வரைக்கும். அதைச் சொல்லத்தான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. பெயர் அழிந்துவிட்டது என்று சொல்லப் பயந்த ஒருவன் மட்டும்தான் அடுத்தவர் கையெழுத்தில் எழுதுவான்.

தட்டுக்கு அடியில் மேசையைத் துடைக்கும்போது தட்டைத் தூக்கி, இடப்பக்கம் வலப்பக்கமாகும்படி திருப்பி வைத்திருந்தேன். அது அன்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை மிஸ் உள்ளே பார்த்துவிட்டு, "யாருண்ணே இப்படி மினுக்கி வச்சது!" என்று சந்தோஷப்பட்டார். நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன். அந்த வாரக் கடைசியில் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "அண்ணே, இங்க வாங்க, பாருங்க. பெரியம்மா ஒருவழியா மனசு வச்சுட்டாங்க. என்னா வளத்தி!" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒன்றரை வருடம் கழித்துப் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறது என்கிற சந்தோஷம். தன் புத்தகத்தில், பூஜைக்குப் பிறகு வேகமாக வளர்கிறது, காரணம் தெரியவில்லை என்று எழுதினார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, "வாங்குன செல்லுக்கு என்னமோ ஆச்சு, வளரவே மாட்டேங்குது. தூக்கிப் போட்டுருங்கண்ணே, புதுசு வாங்கிக்கலாம்" என்றார். அந்தக் குப்பிகளைக் கையில் வாங்கினேன். அப்போதுதான் தட்டைத் திருப்பியது ஞாபகம் வந்தது. வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை. "நமக்கென்ன தெரியும், அவங்க படிச்சவங்க, கண்டுபிடிச்சிருவாங்க" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, குப்பிகளை ஆவிப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அந்தப் பெரியம்மாவின் மிச்சத்தை வேகவைத்தது இந்தக் கைதான்.

கட்டுரை வெளியானது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் மிஸ் என் பெயரையும் போட்டிருந்தார். பேராசிரியர், "பாத்திரம் கழுவுறவருக்கெல்லாமா?" என்று கேட்டாராம். "அவரு கழுவலன்னா ஒண்ணும் வளராது சார்" என்றாராம் மிஸ். உங்கள் அம்மா அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு நம் வீட்டுக் கூடத்தில் மாட்டினாள். சொந்தக்காரர்கள் வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவாள்.

ஒரு வருடம் இருக்கும். வெளிநாட்டில் ஒரு லேப் அந்தச் செல்லைக் கேட்டு வாங்கியது. அவர்கள் பரிசோதித்துப் பார்த்து மிஸ்ஸுக்கு எழுதினார்கள்: நீங்கள் அனுப்பியது வாய்ப்புற்றுச் செல் இல்லை, எல்லா இடத்திலும் இருக்கிற அந்த வேகமாக வளரும் செல். மிஸ் யாரிடமும் சொல்லாமல் தானே மறுபடி பரிசோதனைக்கு அனுப்பினார். அது உண்மைதான் என்று வந்தது. தொடக்கத்தில் உறைய வைத்திருந்த இரண்டு சின்னக் குப்பிகளை எடுத்து உயிரூட்டப் பார்த்தார். வரவில்லை.

பேராசிரியர் அறைக் கதவு திறந்திருந்தது. நான் வெளியே துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம அனுப்புன டியூப்லதான் கலந்துபோச்சு, நம்மகிட்ட இருக்கிறது சரிதான்னு எழுதிரும்மா. அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு."

"நம்மகிட்ட இருக்கிறதும் தப்புதான் சார். பாத்துட்டேன்."

"உன் பட்டம் போயிரும். தெரியுமா? இந்தக் கட்டுரைதான் உன் படிப்பு."

"தெரியும் சார். ஆனா இதப் படிச்சிட்டு யாராச்சும் ஒரு டாக்டர் வாய்ப்புற்றுக்கு மருந்து தேடிக்கிட்டு இருப்பாரு. அவரு தப்பான இடத்துல தேடுறாரே."

ஆய்விதழுக்கு அவரே எழுதினார். தெரியாமல் நடந்த தவறைச் சொல்லித் திரும்பப் பெறுவது குற்றம் இல்லை, மறைப்பதுதான் குற்றம் என்றார். ஆனால் எப்படி நடந்தது என்று இதழ்க்காரர்கள் கேட்டார்கள். அவர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, பூஜைக்குப் பிறகுதான் எல்லாம் மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். காவலாளி புத்தகத்தில் அந்தச் சனிக்கிழமை என் பெயர் மட்டும் இருந்தது.

என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அண்ணே, அன்னிக்கு உள்ள இருந்த குப்பிங்களத் தொட்டீங்களா?"

"இல்ல மிஸ். வெளியதான் தொடச்சேன்."

"உள்ளயும் பளபளன்னு இருந்துச்சே."

"சுவர மட்டுந்தான் மிஸ்."

"எதையாச்சும் அழிச்சு, திரும்ப எழுதுனீங்களா? எழுதியிருந்தா பரவால்ல, சொல்லுங்க."

"இல்ல மிஸ்."

அப்போது எனக்கு நிரந்தர வேலைக்கான கடிதம் வரவிருந்தது. சின்னவன் அம்மா வயிற்றில் இருந்தான். இதெல்லாம் காரணம் என்று சொல்லலாம். நான் பயந்தேன் என்று சொல்வதுதான் சரி.

மிஸ் என் முகத்தைப் பார்த்தார். "சரிண்ணே" என்று எழுதிக்கொண்டார். முதலும் கடைசியுமாக, போய்ப் பார்க்காமலே ஒன்றை நம்பினார். போய்ப் பார்க்க அங்கே என்ன இருந்தது? குப்பிகளைத்தான் நான் வேகவைத்துவிட்டேனே.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. குப்பிகளில் பெயர் மாறியிருக்கிறது, எப்படி என்று தெரியவில்லை, பொறுப்பு முதல் ஆசிரியருடையது என்று இதழில் வந்தது. முதல் ஆசிரியர் அவர்தான். அவராகவே சொன்னார் என்பதை யார் பார்த்தார்கள்? திரும்பப் பெற்றது என்றால் ஏமாற்றியது என்றுதான் கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். உதவித்தொகை நின்றது. படிப்பு நின்றது. கடைசி நாள் தன் பாத்திரங்களைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். நான் கை நீட்டியதற்கு, "இல்லண்ணே, நானே பண்ணிக்கிறேன்" என்றார். கழுவினதையே மூன்று முறை கழுவினார்.

ஆறு வருடம் ஓடிவிட்டது. அந்தப் பக்கம் நம் வீட்டுச் சுவரிலேயே இருந்தது. அதைக் கழற்றினால் உங்கள் அம்மா ஏன் என்று கேட்பாள். போன மாதம் பெரியவள் பள்ளிக்கூடத்தில் பேசுவதற்காக அந்தக் கட்டுரையைக் கைப்பேசியில் தேடினாள். எல்லாப் பக்கத்திலும் குறுக்கே சிவப்பு எழுத்து.

"அப்பா, இத எடுத்துட்டாங்கன்னு போட்டிருக்கு. அந்த மிஸ் பொய் எழுதினவங்களாப்பா?"

மகளே, நீ அதைக் கேட்ட பிறகு என்னால் இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை.

மிஸ் லகாட் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருப்பதாகப் பழைய ஆள் ஒருவர் சொன்னார். மத்தியான ஓய்வு நேரத்தில் போய் வாசலில் நின்றேன். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவில் இருக்கிறாராம். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அண்ணே! எப்படி இருக்கீங்க?" என்று அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டார். அந்தச் சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை.

எதிர்க்கடையில் உட்கார்ந்தோம். கைப்பையை மூடினார், மூடியிருக்கிறதா என்று பார்த்தார், மறுபடியும் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். துடைத்தது, எழுதியது, அவர் கையெழுத்து மாதிரி எழுதியது, தட்டு, ஆவிப் பெட்டி, எல்லாம்.

அவர் அழவில்லை, ஏசவில்லை. கேள்வி கேட்டார்.

"எந்தப் பக்கம் இருந்தத பெரியம்மாவுதுன்னு எழுதுனீங்க?"

"இடப்பக்கம் மிஸ்."

"தட்ட எப்பத் திருப்புனீங்க, அழியிறதுக்கு முன்னயா பின்னயா?"

"முன்ன மிஸ். ஒரு வாட்டிதான்."

மேசையில் சிந்தியிருந்த தண்ணீரில் விரலால் இரண்டு கட்டம் வரைந்து, ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் தூக்கி, யாருடைய கைகளையோ பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"அப்ப என் கை இல்ல."

"இல்ல மிஸ்."

"ஆறு வருசமா வீட்டப் பூட்டிட்டு நாலு வாட்டி எறங்கி வந்து பாக்குறேன். அடுப்ப அணச்சேனான்னு வேலைல இருந்து போன் போடுறேன். என் கைய நானே நம்புறதில்ல. அந்தப் பெரியம்மாவக் கொன்னது என் கைன்னு..." நிறுத்திக்கொண்டார். "நான் உங்களக் கேட்டேன்லா?"

"கேட்டீங்க மிஸ்."

"பரவால்ல சொல்லுங்கன்னு சொன்னேன்."

"ஆமா மிஸ்."

"அந்தத் திங்கக்கெழமையே சொல்லியிருந்தா ரெண்டும் உசுரோட இருந்துச்சு. டெஸ்ட் பண்ணிட்டு பேர மாத்தி எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும். அவ்வளவுதான் அது. ஒரு மார்க்கர் வேலை."

இதழ்க்காரர்களுக்கு நான் எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"எழுதுங்க. எனக்காக இல்ல, அத எடுத்துப் படிக்கிறவங்களுக்காக எழுதுங்க. அனுப்புறதுக்கு முன்ன எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க." நம்பரைச் சொன்னார். வேலைக்கு மணி அடித்தது. எழுந்து நடந்தார். கைப்பையைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, நெஞ்சை அறுத்த மாதிரியும் இருந்தது.

பல்கலைக்கழகத்திலும் போய்ச் சொன்னேன். அவருடைய படிப்புக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது, திறக்க வழியில்லை என்றார்கள். என்னை விசாரிக்கத் தேதி கொடுத்தார்கள்.

கடிதத்தை முதலில் தமிழில் எழுதினேன். "லேப்பைச் சுத்தம் செய்யும்போது நான் தெரியாமல் தவறு செய்துவிட்டேன்" என்று தொடங்கினேன். மிஸ்ஸுக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. வேறு எதையும் அவர் தொடவில்லை. அந்த முதல் வரிக்கு மட்டும் எழுதியிருந்தார்:

"அழிச்சது தெரியாம. எழுதுனது தெரிஞ்சு. இல்லன்னு சொன்னதும் தெரிஞ்சு. ஒண்ணாச் சேக்காதீங்க. பிரிச்சு எழுதுங்க."

மகளே, அன்று சாயங்காலம் அதை ஆங்கிலத்தில் மாற்றித் தர உன்னைத்தான் கூப்பிட்டேன். நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன், நீ கணினியில் தட்டினாய். இரண்டாவது "தெரிந்தே" வந்தபோது உன் விரல் நின்றது.

"அப்பா, இத அப்படியே போடவா?"

"போடும்மா."

நீ என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே தட்டினாய்.